இரு திசை வழியும் ஓர் இல்லமும்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார் என்பது நம் முன்னோர் வாக்கு. அவ்விரு சோதனைகளையும் கடந்தவர்களுக்கு இக்காலத்தில் மூன்றாவதாக மற்றொரு சோதனை காத்திருக்கிறது. கணவனுக்கு ஓர் ஊரில் வேலை. மனைவிக்கு வேறோர் ஊரில் வேலை. ஒருவர் கிழக்கே போகிறார். மற்றவர் மேற்கே போகிறார். மாலையில் இருவரும் வந்து சேர வேண்டிய அந்த ஒரு வீடு எந்த ஊரில் இருக்க வேண்டும்? இக்கேள்விக்கு விடை தேடி, சென்ற தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை நாங்கள் நால்வரும் மேற்கொண்ட சிறு பயணத்தின் கதையே இது. நால்வர் என்றால் என் இளைய மகள், மருமகன், நான்கு வயதுப் பேத்தி, ஓய்வுபெற்ற கணக்காசிரியனாகிய நான்.

என் மருமகனுக்குச் சென்னை கிண்டித் தொழிற்பேட்டையில் ஒரு சிறு தொழிற்கூடத்தில் கணக்கர் வேலை. மகள் காஞ்சிபுரத்தில் ஒரு மருத்துவமனையில் செவிலியர். திருமணத்துக்குப் பின் இருவரும் தாம்பரத்தில் வாடகை வீடெடுத்துக் குடியிருந்தனர். அவருக்கு அது நல்ல இடம். காலை எட்டு மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டாலும் ஒன்பதுக்குள் அலுவலகம் போய்விடலாம். அவளுக்கோ விடியுமுன் எழுந்து, குழந்தையை உறக்கத்திலேயே பக்கத்து வீட்டு அம்மாளிடம் ஒப்படைத்து, இரண்டேகால் மணி நேரம் பயணம் செய்ய வேண்டும். பிற்பகல் முறை வந்தாலோ, இரவு ஒன்பது மணிக்குப் பணி முடிந்து, நள்ளிரவை நெருங்கும் வேளையில் தாம்பரத்தில் இறங்குவாள். மூன்று ஆண்டுகள் இவ்வாறு ஓடின. ஒருநாள் அவள் இரயிலில் உறங்கிப்போய், இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிச் சென்றுவிட்டாள். அன்றிரவு என்னுடன் தொலைபேசியில் பேசியபோது அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் அவ்வளவு கலங்கியிருக்க மாட்டேன்.

உறவினர் சிலர் தீர்ப்பு எளிதென்றனர். "பெண் வேலையை விட்டுவிட்டால் எல்லாம் தீர்ந்தது" என்றனர். மருமகன் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. மகளும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் நல்லதற்கன்று என்று எனக்குத் தோன்றியது. பெட்டியைக் கட்டிக்கொண்டு தாம்பரம் போய்ச் சேர்ந்தேன்.

தாம்பரத்திலிருந்து

தாம்பரம் வெறும் இரயில் நிலையமன்று. சென்னையின் தெற்கு வாயில். கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரையிலான முப்பது கிலோமீட்டர்ப் பாதையில் 1931-ஆம் ஆண்டிலேயே மின்சார இரயில் ஓடத் தொடங்கிவிட்டது. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரின் நெரிசலை விட்டு இங்கே வந்து, மரங்களடர்ந்த வளாகத்தில் குடியேறிற்று. தூய காற்றுக்காகவே காசநோய் மருத்துவமனை எழுந்த இடம் அதன் அருகிலுள்ள சானடோரியம். அன்று காற்று வாங்க வந்த ஊர் 2021-இல் மாநகராட்சி ஆகிவிட்டது. காய்கறி, பள்ளி, மருத்துவர், நள்ளிரவிலும் ஆள்நடமாட்டம் என எல்லா வசதியும் உண்டு. வாடகையும் அதற்கேற்ப உயர்ந்தே இருக்கிறது.

அங்கிருந்து காஞ்சிபுரம் செல்ல இரு வழிகள் உண்டு. ஒன்று, படப்பை, ஒரகடம், வாலாஜாபாத் வழியாகச் செல்லும் சாலை. ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் பேருந்துகளும் பார வண்டிகளும் அச்சாலையை நிறைத்திருக்கும். மற்றொன்று, செங்கற்பட்டு சென்று அங்கிருந்து வடமேற்கே திரும்பும் இருப்புப் பாதை. நாங்கள் இரயிலையே தேர்ந்தோம். வழியிலுள்ள ஊர்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டுமென்பது என் விருப்பம்.

வண்டலூர் வந்ததும் பேத்தி சன்னலோடு ஒட்டிக்கொண்டாள். 1985-இல் திறக்கப்பட்ட உயிரியல் பூங்கா அங்கிருக்கிறது. இரயிலிலிருந்தே புலி தெரியும் என்று யாரோ அவளிடம் சொல்லி வைத்திருந்தார்கள். புலி தெரியவில்லை. அதற்கடுத்துக் கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் இறுதியில் அங்கே புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்ட பின், தென்மாவட்டங்களுக்குச் செல்வோர் கூட்டம் கோயம்பேட்டிலிருந்து இப்பக்கம் திரும்பிவிட்டது. ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர் என நிலையங்கள் கடந்தன. ஒரு காலத்தில் ஏரிப் பாசன வயல்களாக இருந்த இடங்களில் இப்போது அடுக்குமாடி வீடுகள். ஒவ்வொரு நிலையத்திலும் எங்களைப் போன்ற குடும்பங்கள் எத்தனையோ இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

நடுவில் ஓர் ஊர்

மருமகன் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். கணக்கரல்லவா? எல்லாத் தூரங்களையும் எழுதி வைத்திருந்தார்.

"மாமா, கிண்டியிலிருந்து காஞ்சிபுரம் இரயில் பாதையில் ஏறத்தாழ எண்பத்திரண்டு கிலோமீட்டர். சரிபாதி நாற்பத்தொன்று. சிங்கப்பெருமாள் கோவிலைத் தாண்டிப் பரனூருக்கு அருகே வருகிறது. அங்கே வீடெடுத்தால் இருவருக்கும் சமம்" என்றார்.

"தூரம் சமம், மாப்பிள்ளை, நேரம்?" என்றேன் நான்.

"அப்பா சொல்வதுதான் சரி" என்றாள் மகள். "உங்களுக்குப் பரனூரிலிருந்து நேர் வண்டி. எனக்கோ காஞ்சிபுரம் போகும் வண்டி நாளில் சிலவே. மற்ற நேரமெல்லாம் செங்கற்பட்டில் இறங்கிக் காத்திருக்க வேண்டும். வரைபடத்தில் இருக்கும் நடுவும், கடிகாரத்தில் இருக்கும் நடுவும் ஒன்றல்ல."

சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கிப் பார்த்தோம். குடைவரைக் கோயிலையொட்டி வளர்ந்த பழைய ஊர் அது. கடைத்தெரு கலகலப்பாக இருந்தது. ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூர் செல்லும் சாலை இங்கிருந்துதான் பிரிகிறது. நாங்கள் பார்த்த வீடு புதியது, காற்றோட்டமானது, வாடகையும் ஏற்புடையது. ஆனால் நிலையத்திலிருந்து இரண்டரைக் கிலோமீட்டர் உள்ளே இருந்தது. "இரவு பத்து மணிக்கு இந்தப் பாதையில் எப்படி வருவது?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். "வண்டி வைத்திருப்பவர்கள்தானே வருகிறார்கள்" என்றார் அவர். என் மகளுக்கு இருசக்கர வண்டி ஓட்டத் தெரியும். ஆயினும் இரவுப் பணி முடித்து, கண் எரிய, விளக்கில்லாத பாதையில் அவள் ஓட்டி வருவதை என் மனம் ஏற்கவில்லை. நிலையத்திலிருந்து வீட்டுக்குள்ள கடைசி இரண்டு கிலோமீட்டரை எவரும் தம் கணக்கில் சேர்ப்பதில்லை. களைப்பும் அச்சமும் மிகுவது அங்கேதான்.

ஏரிக்கரையில்

மீண்டும் இரயிலேறினோம். பரனூரைக் கடந்ததும் கொளவாய் ஏரி. மழை நின்று சில வாரங்களே ஆகியிருந்தபடியால் ஏரி நிறைந்து கிடந்தது. தண்ணீரின் ஓரமாகவே வண்டி ஓடிற்று. பெட்டியிலிருந்த அனைவரும் ஒருமுறை தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். நாள்தோறும் பார்ப்பவர்களும் பார்த்தார்கள். மகள், "இந்த இடத்தில் மட்டும் நான் உறங்கியதே இல்லை, அப்பா" என்றாள்.

செங்கற்பட்டு என்பது செங்கழுநீர்ப்பட்டு என்பதன் திரிபு என்பர். செங்கழுநீர்ப் பூக்கள் நிறைந்த நீர்நிலைகளால் வந்த பெயர். விசயநகர அரசர் காலத்துக் கோட்டையொன்று இங்கே இருந்தது. 1752-இல் கிளைவின் படை பிரெஞ்சுக்காரரிடமிருந்து அதைக் கைப்பற்றிற்று. பின்னாளில் இருப்புப் பாதை அக்கோட்டைப் பகுதியை ஊடறுத்துச் சென்றது. நீண்டகாலம் ஒரு பெரிய மாவட்டத்துக்குப் பெயர் கொடுத்த ஊர். இடையில் அப்பெயரை இழந்து, 2019-இல் மாவட்டத் தலைநகராயிற்று. மருத்துவக் கல்லூரி 1965 முதல் இங்குண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, இது சந்திப்பு நிலையம். வடக்கே சென்னைக்கு ஒரு பாதை, தெற்கே விழுப்புரத்துக்கு ஒரு பாதை, வடமேற்கே காஞ்சிபுரம் வழியாக அரக்கோணத்துக்கு ஒரு பாதை.

நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு பழைய ஓட்டு வீடு காலியாக இருந்தது. முற்றத்தில் கிணறு, பின்புறம் ஒரு முருங்கை. சமையலறை இருட்டு. இரயிலோசை இரவெல்லாம் கேட்கும். ஆனால் தெருவில் கடைகள் இருந்தன, விளக்குகள் இருந்தன, எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற தபால்காரர் திண்ணையில் அமர்ந்து நாங்கள் யாரென்று விசாரித்தார். இரவில் தாமதமாக வரும் பெண்ணுக்கு, திண்ணையில் அமர்ந்து விசாரிக்கும் முதியவரை விடப் பெரிய காவல் வேறில்லை.

பாலாற்றின் ஓரமாக

வீட்டைப் பார்த்துவிட்டுக் காஞ்சிபுரம் செல்லும் வண்டியைப் பிடித்தோம். அது ஒற்றைப் பாதை. எதிர்வண்டிக்காக ஒரு நிலையத்தில் காத்து நின்றோம். வில்லியம்பாக்கம், பாலூர், பழையசீவரம் என்று வண்டி ஊர்ந்தது. பாலாறு தென்பட்டது, அகன்ற மணற்பரப்பில் இங்கொன்றும் அங்கொன்றுமாக நீர் மின்னிற்று.

பழையசீவரத்துக்கு எதிர்க்கரையில் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடுமிடம். அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. 1063 முதல் 1070 வரை ஆண்ட மன்னன் அவன். வேதம் கற்கும் மாணவர்க்கு உணவும் உறையுளும் கொடுத்ததோடு, பதினைந்து படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவச் சாலையும் அக்கோயிலைச் சார்ந்து நடந்ததை அக்கல்வெட்டு கூறுகிறது. மருத்துவர் ஒருவர், அறுவைச் செய்பவர் ஒருவர், மூலிகை கொணர்வோர், மருந்து காய்ச்சிக் கொடுக்கும் பெண்கள் இருவர் என ஒவ்வொருவர்க்கும் ஊதியமாக நெல் வகுக்கப்பட்டிருந்தது.

இதை நான் சொன்னதும் மகள் சன்னல் வழியே அத்திசையை உற்றுப் பார்த்தாள். "தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எங்களுக்குச் சம்பளம் கொடுத்திருக்கிறார்களா, அப்பா?" என்றாள்.

"கொடுத்ததோடு மறந்துவிடாமல் கல்லிலும் வெட்டி வைத்தார்கள், அம்மா" என்றேன்.

அப்போது மருமகன் மெதுவாகக் கேட்டார்: "அந்தப் பெண்கள் இருவரும் எந்த ஊரிலிருந்து வந்து போயிருப்பார்கள், மாமா?" எல்லோரும் சிரித்தோம். பல வாரங்களுக்குப் பின் அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்ததை அன்றுதான் நான் கண்டேன்.

தறிக்கூடத்தில்

காஞ்சிபுரத்தில் மகளுடன் பணிபுரியும் ஒருவரின் வீட்டில் பகலுணவு. அவர்களுடையது நெசவாளர் குடும்பம். முன்கூடத்தில் குழித்தறி. உடலும் கரையும் வேறுவேறு நிறமாக அமையும் கோர்வைச் சேலை அதில் நெய்யப்பட்டுக்கொண்டிருந்தது. அத்தகைய சேலையை ஒருவராக நெய்ய இயலாது. மூன்று நாடாக்கள் வேண்டும். தறியின் ஓரத்தில் அமர்ந்து கரையின் நாடாவைச் செலுத்த மற்றொருவர் வேண்டும். அவ்வீட்டுப் பெரியவர் தறிக்குழியில் அமர்ந்திருந்தார். அவர் மனைவி ஓரத்தில் அமர்ந்திருந்தார். நாற்பதாண்டுகளாக அவர்கள் பணியிடத்துக்கும் வீட்டுக்கும் இடையே இருந்த தொலைவு ஒரு நிலைப்படி மட்டுமே.

நம் பாட்டன் பாட்டிமார் காலத்தில் உழவர்க்கும் நெசவாளர்க்கும் குயவர்க்கும் இந்தக் கேள்வியே எழவில்லை. வீடு எங்கேயோ வேலையும் அங்கேதான். ஆலையும் அலுவலகமும் வந்தபோது ஆண் வெளியே சென்றான்; வீடு அவன் வேலையைத் தொடர்ந்து சென்றது. பெண்ணும் படித்து, பயிற்சி பெற்று, வெளியே செல்லத் தொடங்கியபின்னரும் பல குடும்பங்களில் வீடு இன்னும் ஆணின் வேலையையே தொடர்கிறது. எவரும் தீர்மானித்து அப்படிச் செய்வதில்லை. பழக்கம் தீர்மானிக்கிறது.

காஞ்சிபுரத்திலேயே குடியேறலாமா என்றும் பேசினோம். மகளுக்குக் கால்மணி நேரம் போதும். மருமகனுக்கு இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். "எனக்குச் சம்மதம்தான்" என்றார் அவர். மகள் உடனே மறுத்தாள். "மூன்று ஆண்டுகள் நான் பட்டதை இனி நீங்கள் படவேண்டுமா? அது தீர்வாகாது" என்றாள்.

கணக்கு சொன்னது

அவ்வீட்டுத் திண்ணையில் அமர்ந்து மருமகனின் நோட்டை வாங்கிக் கூட்டிப் பார்த்தேன். ஒருவழிப் பயணத்துக்கு வீட்டு வாசலிலிருந்து பணியிட வாசல் வரை ஆகும் நேரம் இது. தாம்பரத்தில் வாழ்ந்தால் அவருக்கு ஐம்பது நிமிடம், அவளுக்கு இரண்டேகால் மணி. மொத்தம் 3 மணி 5 நிமிடம். காஞ்சிபுரத்தில் வாழ்ந்தால் மொத்தம் 3 மணி. செங்கற்பட்டில் வாழ்ந்தால் அவருக்கு 1 மணி 40 நிமிடம், அவளுக்கு 1 மணி 15 நிமிடம். மொத்தம் 2 மணி 55 நிமிடம்.

முப்பத்தைந்து ஆண்டுகள் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் இதை முன்பே கண்டிருக்க வேண்டும். ஒரு நேர்க்கோட்டின் இரு முனைகளுக்கு இடையே எந்தப் புள்ளியை எடுத்தாலும், அதிலிருந்து இரு முனைகளுக்கும் உள்ள தூரங்களின் கூட்டுத்தொகை ஒன்றே. எந்த ஊரில் குடியேறினாலும் அந்த மூன்று மணி நேரத்தை ஒழிக்க முடியாது, பங்கிடத்தான் முடியும். மூன்று ஆண்டுகளாக அவர்கள் தேடிக்கொண்டிருந்தது பாரத்தைக் குறைக்கும் ஊரை. தேட வேண்டியிருந்ததோ பாரத்தை நியாயமாகப் பங்கிடும் ஊரை.

நியாயமான பங்கு என்பது சரிபாதி என்றும் ஆகாது. காலையில் சென்று மாலையில் திரும்புகிறவருக்கு ஒன்றரை மணிப் பயணம் களைப்பு மட்டுமே. இரவில் தனியே திரும்புகிறவருக்கு அது ஆபத்தும் ஆகலாம். ஆகையால் வேளைகெட்ட வேளையில் பணிபுரிபவருக்குச் சிறிய பங்கு. சென்னைக்கான மின்சார இரயில்கள் செங்கற்பட்டிலிருந்தே புறப்படுவதால் மருமகனுக்கு உட்கார இடம் கிடைக்கும். உட்கார்ந்து செல்லும் ஒரு மணி, நின்று செல்லும் அரைமணியை விட எளிது. மகளுக்கு இரயில் தவறினாலும் காஞ்சிபுரத்துக்கும் செங்கற்பட்டுக்கும் இடையே பேருந்துகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஒரு வழி அடைபட்டால் மறுவழி உண்டா என்பதும் வீடு தேடுவோர் கேட்கவேண்டிய கேள்வி. குழந்தைக்குக் காய்ச்சலென்று செய்தி வந்தால் இருவரில் ஒருவர் ஒன்றேகால் மணிக்குள் வந்துவிடலாம். தாம்பரத்தில் அந்த ஒருவர் எப்போதும் தந்தையாகவே இருந்திருக்க வேண்டும். ஆனால் அழைப்பு எப்போதும் தாய்க்கே சென்றது என்பதையும் மருமகன் அன்று தாமாகவே சொன்னார்.

நான் சொல்லாதிருந்தது

திரும்பும் வண்டியில் பேத்தி என் மடியில் உறங்கினாள். அப்போது அவர்களிடம் ஒன்றைச் சொன்னேன். அதை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

1984-இல் எனக்கு ஐம்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள பள்ளிக்கு மாற்றல் வந்தது. என் மனைவி அப்போது உதவிபெறும் பள்ளியொன்றில் ஆசிரியை. என்னை விட நல்ல ஆசிரியை. நான் புதிய ஊரில் வீடு பார்த்தேன், முன்பணம் கொடுத்தேன், பிறகுதான் அவளிடம் தெரிவித்தேன். அவள் பணி விலகல் கடிதம் எழுதினாள். வழக்கு இல்லை, வாக்குவாதம் இல்லை. நடுவில் ஓர் ஊர் இருந்ததா என்று நான் பார்க்கவே இல்லை. இருந்தது. நாள்தோறும் பேருந்தில் அதைக் கடந்துதான் சென்றேன். மாணவிகள் அவளுக்கு எழுதிய கடிதங்களைத் தகரப் பெட்டி ஒன்றில் கடைசிவரை வைத்திருந்தாள். அவள் மறைந்தபின் அப்பெட்டியைத் திறந்தபோதுதான், நான் அவளிடம் அன்று கேட்காமல் விட்ட கேள்வி எவ்வளவு பெரியது என்று எனக்குப் புரிந்தது.

மகள் என் கையைப் பற்றிக்கொண்டாள். மருமகன் நோட்டை மூடிப் பையில் வைத்தார். செங்கற்பட்டில் வண்டி நின்றதும், "அந்த ஓட்டு வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வருவோமா?" என்று அவளைக் கேட்டார். "சமையலறைக்கு ஒரு விளக்குப் போட்டுத் தருவதானால் சரி" என்றாள் அவள்.

சித்திரையில் அவர்கள் குடிபெயர்ந்தார்கள். இழப்பு இல்லாமல் இல்லை. மருமகன் முன்னைவிட ஐம்பது நிமிடம் முன்னதாகப் புறப்படுகிறார். தாம்பரத்து நண்பர்களைப் பேத்தி இன்னும் கேட்கிறாள். முதல் மாதம் இரயிலோசையில் எவருக்கும் உறக்கமில்லை. பள்ளி விட்டதும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள, மாதத்தில் பாதி நாள் நான் அங்கே தங்குகிறேன். எதிர்வீட்டுத் தபால்காரர் எனக்குத் திண்ணைத் துணை.

மகளுக்குக் காலை முறை இருக்கும் நாட்களில், விடியற்காலையில் இருவரும் ஒன்றாகவே வீட்டை விட்டுப் புறப்படுகிறார்கள். பத்து நிமிட நடை. நிலையத்துக்குள் சென்றதும் அவர் சென்னை வண்டிக்கும், அவள் காஞ்சிபுரம் வண்டிக்குமாகப் பிரிகிறார்கள். தாம்பரத்தில் இருந்த மூன்று ஆண்டுகளில் அந்தப் பத்து நிமிடம் அவர்களுக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. நோட்டுப் புத்தகத்தில் அதற்கு இடமில்லாததால், நாங்கள் எவரும் அதைக் கணக்கில் சேர்த்திருக்கவும் இல்லை.